ஓதம் ஏறும் சுவருக்கு என்ன மருந்து?

ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்ததும் சென்னைப் பெயிண்டுக் கடைகளுக்கு ஒரு புதுக் கூட்டம் வர ஆரம்பித்துவிடும். தீபாவளிக்கு வெள்ளையடிக்கிறவர்கள் முன்னமே வந்து போய்விட்டார்கள், இவர்கள் வேறு. ஒவ்வொருவர் செல்போனிலும் ஒரு சுவரின் படம் இருக்கும். தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு வர்ணம் அப்பளம்போல் உப்பி உரிந்திருக்கும். அதன் ஓரமெல்லாம் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருக்கும். படத்தைக் காட்டி, "இதற்கு என்ன சார் போடலாம்?" என்று கேட்பார்கள்.

கடைக்காரரிடம் இல்லாத மருந்தா? ஒரு லிட்டர் டப்பா, நாலு லிட்டர் டப்பா, இருபது லிட்டர் வாளி என்று அலமாரி நிறைய அடுக்கி வைத்திருக்கிறார். "நல்லதாகக் கொடுங்கள்" என்றால் விலை கூடியதை எடுத்து வைப்பார். "விலை குறைவாக" என்றால் அதற்கும் ஒன்று உண்டு. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தண்ணீர் எந்த வழியாகச் சுவருக்குள் நுழைந்தது என்பது வாங்க வந்தவருக்கே தெரியாதபோது, விற்பவருக்கு எப்படித் தெரியும்?

மடிப்பாக்கத்தில் ஒரு வீடு

உதாரணத்துக்கு மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 1990-களில் கட்டியது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். தெருப் பக்கத்து அறையில் பத்தடி நீளச் சுவர் ஒன்று ஓதம் காக்கிறது. ஆறு வருஷத்தில் மூன்று முறை சுரண்டி, பட்டி பார்த்து, வர்ணம் பூசியாயிற்று. தடவைக்கு எட்டாயிரம் வீதம் ரூ. 24,000 போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் பொங்கல் வரை சுவர் பளபளவென்று இருக்கும். அடுத்த மழைக்குப் பழைய குருடி கதவைத் திறடி!

இந்த வருஷம் காரியம் அவசரமாகிவிட்டது. மகள் தலைப் பிரசவத்துக்கு வருகிறாள். தை மாதம் குழந்தை பிறக்கும். தாயும் சேயும் இருக்க வேண்டியது அந்தத் தெருப் பக்கத்து அறைதான். வெளிச்சமும் காற்றும் உள்ளது அதுவே. ஓதச் சுவரில் கறுப்புக் கறுப்பாகப் பூசணம் படர்ந்திருக்கிறது. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருப்பவர்களுக்கு இருமல், இளைப்பு, ஆஸ்துமா ஆகிய தொல்லைகள் கூடுதலாகக் காண்கின்றன என்று உலக சுகாதார நிறுவனமே 2009-ல் இதற்கென்று தனியாக வெளியிட்ட வழிகாட்டி நூலில் சொல்லியிருக்கிறது. பச்சைக் குழந்தையை அந்தச் சுவரோரம் எப்படிப் படுக்க வைப்பது?

கையில் மராமத்துக்கென்று ஒதுக்கிய பணம் ரூ. 25,000. பார்க்க வந்த ஒரு காண்டிராக்டர், "அறை முழுதும் டிரீட்மெண்ட் பண்ணிவிடலாம் சார். 38 ஆயிரம் ஆகும். பதினைந்து நாளில் ரெடி" என்கிறார். ஆசிரியர் என்ன செய்வது?

தண்ணீர் வரும் வழி

முதலில் செய்ய வேண்டியது, மணிபர்சை எடுப்பதல்ல; சுவரின் முன் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவதுதான். ஈரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும்.

தரையிலிருந்து தொடங்கி மூன்று, நாலு அடி உயரத்தில் ஒரு கறைக்கோடு போட்டதுபோல நின்றுவிட்டால், அது பூமியிலிருந்து ஏறும் ஈரம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே கதைதான். செங்கல்லுக்கும் கலவைக்கும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே தண்ணீர் மேலே ஏறுகிறது. ஏறும்போது மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சுவரின் முகத்துக்கு வந்ததும் தண்ணீர் ஆவியாகிவிடுகிறது, உப்பு தங்கிவிடுகிறது. அந்த உப்பு படிகமாகிப் பருக்கும்போது பூச்சைப் பின்னாலிருந்து நெட்டித் தள்ளுகிறது. வர்ணம் உரிவதற்கு வர்ணத்தைத் திட்டுவது வீண்.

சுவரின் நடுவில் தேசப்படம்போலத் திட்டுத் திட்டாக ஈரம், அதுவும் மழை பெய்தால் வந்து, வெயில் அடித்தால் மறைந்தால், அது வெளிச்சுவரின் வெடிப்பு வழியாகவோ ஜன்னல் சன்ஷேடு ஓரத்திலோ வரும் மழைத் தண்ணீர். கூரையோரத்திலிருந்து கீழே இறங்கினால் மொட்டை மாடியின் தளம். மழைக்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லாமல் பன்னிரண்டு மாதமும் ஒரே இடத்தில் ஈரமாக இருந்தால், சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாய் ஒழுகுகிறதா என்று அறிய ஒரு சுலபமான வழி உண்டு. இரவு படுக்கும்போது எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு வையுங்கள். மோட்டாரும் ஓடக் கூடாது. காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். இதற்குத் தேவை பிளம்பர்; பெயிண்டு டப்பா அல்ல.

இப்போது ஏ.சி. வந்தபின் இன்னொரு வகையும் சேர்ந்திருக்கிறது. ஓர் அறையில் ஏ.சி. ஓடும், அடுத்த அறையில் வெக்கை. நடுச்சுவர் குளிர்ந்துபோய், வெக்கை அறைப் பக்கம் வியர்க்கிறது, ஐஸ் தண்ணீர் வைத்த சொம்புபோல. இதைக் கண்டுபிடிக்கச் சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாள் போதும். சுவரைத் துடைத்து, ஓரடிக்கு ஓரடி தாளை வைத்து, நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிட வேண்டும். பிறகு பார்த்தால், தாளின் வெளிமுகத்தில் நீர்த்துளி இருந்தால் அறைக் காற்றின் ஈரம். சுவரைத் தொடும் உள்முகத்தில் இருந்தால் சுவருக்குள்ளிருந்து வரும் ஈரம்.

முற்றத்து மண் செய்த காரியம்

ஆசிரியர் வீட்டில் தாளின் உள்முகம் நனைந்திருக்கிறது. கறைக்கோடு மூன்றடியில் நிற்கிறது. ஆகவே பூமியிலிருந்து ஏறும் ஈரம்தான். ஆனால் வீடு கட்டிய முதல் இருபது வருஷம் இல்லாத ஈரம் இப்போது எப்படி வந்தது?

வெளியே போய்ப் பார்த்தால் விடை கிடைக்கிறது. சென்னையில் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெருக்கள் உயர்ந்துவிட்டன. இப்படிச் செய்யக் கூடாது, சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் அரசு உத்தரவே போட வேண்டியிருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பயந்துபோன பலர், தெருத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்கத் தங்கள் முற்றத்தை மண் கொட்டி உயர்த்திக்கொண்டார்கள். ஆசிரியரும் அப்படித்தான் செய்திருக்கிறார். வீட்டின் தரை இன்னமும் தெருவுக்கு ஓரடி மேலேதான் இருக்கிறது. ஆனால் முற்றம் திண்ணை மட்டத்துக்கு வந்து, மேலே டைல்ஸும் போட்டாயிற்று.

வீடு கட்டும்போது அஸ்திவாரச் சுவர் தரை மட்டத்துக்கு வந்ததும், அதன் தலையில் ஓர் ஈரத்தடுப்பு அடுக்குப் போடுவது முறை. டி.பி.சி. என்பார்கள். ஒன்றரை, இரண்டு அங்குலக் கனத்தில் காங்கிரீட்டு. அதன் மேல் காய்ச்சிய தார். சதுர மீட்டருக்கு 1.7 கிலோ தார் என்று பொதுப்பணி வேலைகளில் கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்த அடுக்கு, வெளி மண் மட்டத்துக்குக் குறைந்தது ஆறு அங்குலம் மேலே இருக்க வேண்டும். ஆசிரியர் கொட்டிய மண் அந்த அடுக்கைத் தாண்டிச் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஈரத்துக்கு அவரே பாலம் போட்டுக் கொடுத்துவிட்டார்!

இங்கே எந்த டப்பாவும் செய்யாததை ஒரு மண்வெட்டி செய்துவிடும். சுவரோரமாக ஓரடி அகலத்துக்கு டைல்ஸை எடுத்து, ஈரத்தடுப்புக்கு ஆறு அங்குலம் கீழே போகும்வரை மண்ணை வெட்டி, தண்ணீர் தெருப் பக்கம் ஓடும்படி சரிவு வைக்க வேண்டும். முற்றம் இன்னமும் தெருவை விட உயரம் என்பதால் இந்த வீட்டில் இது சாத்தியம். தெருவை விடத் தாழ்ந்துவிட்ட வீடுகளில் இது நடக்காது. அங்கே சுவரின் வெளிமுகத்தைத் தோண்டி, மண்ணுக்குக் கீழிருந்தே பூசிக்கொண்டு வர வேண்டும், செலவும் ஏறும்.

அலமாரியில் இருப்பவை

அப்படியானால் கடையில் விற்பதெல்லாம் வீண்தானா? இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருக்கிறது. இடம் மாறினால்தான் வீண்.

மலிவானதும், பலரும் சட்டை செய்யாததும், கலவையில் கலக்கும் திரவம். இதற்கு ஐ.எஸ். 2645 என்ற இந்தியத் தர நிர்ணயம் உண்டு. டப்பாவில் அந்த எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். பெயர் பெற்ற திரவங்களில் 50 கிலோ சிமெண்டு மூட்டைக்கு 200 மில்லி என்று அளவு சொல்லியிருப்பார்கள். ஒரு பங்கு சிமெண்டு, நாலு பங்கு மணல் என்று அரை அங்குலக் கனம் பூசினால், ஒரு சதுரத்துக்கு, அதாவது நூறு சதுர அடிக்கு, ஏறக்குறைய ஒரு மூட்டை பிடிக்கும். ஆக நூறு சதுர அடிப் பூச்சுக்கு 200 மில்லி. சித்தாள் கூலியில் ஒரு சிறு துண்டுகூட ஆகாது. ஆனால் இதைப் புதிதாகப் பூசும்போதுதான் கலக்க முடியும். பூசி முடித்த சுவரின் மேல் தடவினால் பிரயோசனமில்லை.

அடுத்தது பூசும் ரகம். இதில் சிமெண்டுத் தூளும் பாலிமர்த் திரவமும் தனித்தனியாக வந்து, கலந்து பூசுவது ஒன்று. குளியலறைத் தரை, தொட்டி, மண்ணுக்குள் இருக்கும் வெளிச்சுவர் ஆகியவற்றுக்கு இது ஏற்றது. வர்ணம்போலவே இருக்கும் அக்ரிலிக் பூச்சு இன்னொன்று. ரப்பர்போல இழுபடும் குணம் உள்ளதால் மழை அடிக்கும் வெளிச்சுவருக்கும் மொட்டை மாடிக்கும் பொருத்தம். விளம்பரங்களில் அதிகம் வருவது இதுதான். ஆனால் அடியிலிருந்து ஈரம் ஏறும் சுவரின் உள்பக்கம் இதைப் பூசினால் என்ன ஆகும்? தண்ணீர் வெளியேறும் வாசலை அடைத்ததாகும். வந்த தண்ணீர் திரும்பிப் போகுமா? இன்னும் ஓரடி மேலே ஏறி, பூச்சு இல்லாத இடத்தில் எட்டிப் பார்க்கும். மூன்றடியில் இருந்த ஓதம் நாலரை அடிக்குப் போவதன் ரகசியம் இதுதான். தாரும் இப்படியே. மண்ணுக்குள் இருக்கும் வெளிமுகத்தில் அது சிறந்தது, அறைக்குள் அல்ல.

உள்பக்கம் ஜிப்சம் பூச்சு வைக்கிற பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. வழுவழுவென்று அழகாக இருக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் ஜிப்சம் தண்ணீர் பட்டால் இளகும். ஓதச் சுவருக்கு அது கூடவே கூடாது.

மூன்றாவது, சுவருக்கு ஊசி போடுகிற வைத்தியம். ஈரத்தடுப்பு அடுக்கே இல்லாமல் கட்டிய வீடுகளுக்கு இது பயன்படுகிறது. தரையை ஒட்டிய கலவை வரிசையில் 12 மில்லிமீட்டர் துளைகளை, 12 சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் போட்டு, சிலேன் என்ற ரசாயனம் சேர்ந்த பசையை நிரப்புகிறார்கள். அது உள்ளே பரவி, நுண்துளைகளின் சுவரைத் தண்ணீர் ஒட்டாததாக மாற்றிவிடுகிறது, தாமரை இலைபோல. ஒன்பது அங்குலச் சுவருக்கு 19 சென்டிமீட்டர் ஆழம் போட்டால் ஒரு துளைக்கு 21 மில்லி பிடிக்கும். பத்தடி நீளத்துக்கு 25 துளை. ஆக அரை லிட்டருக்குச் சற்று மேல். "பத்தடிக்கு மூன்று லிட்டர் ஆகும் சார்" என்று யாராவது சொன்னால், துளை எத்தனை, ஆழம் எவ்வளவு என்று கேட்டால் போதும்.

லிட்டர் விலை, சதுர அடி விலை

டப்பாவின் மேல் உள்ள விலையை மட்டும் பார்த்து வாங்குவது, துணியின் அகலத்தைப் பார்க்காமல் கஜ விலை பேசுவதுபோல. ஒரு கணக்குக்காக இரண்டு டப்பாக்களை வைத்துக்கொள்வோம். இரண்டும் நாலு லிட்டர். முதலாவது ரூ. 1,600, லிட்டர் ரூ. 400. லிட்டருக்கு ஒரு கோட்டு 60 சதுர அடி வரும். இரண்டு கோட்டு அடிக்க வேண்டும். அப்படியானால் ஒரு லிட்டர் 30 சதுர அடிக்குத்தான். சதுர அடிக்கு ரூ. 13.33. இரண்டாவது ரூ. 2,400, லிட்டர் ரூ. 600. ஆனால் 100 சதுர அடி வரும். இரண்டு கோட்டுக்கு 50. சதுர அடிக்கு ரூ. 12. இப்போது எது மலிவு?

இதிலும் ஒரு சூட்சுமம். அதிக தூரம் வருகிறதென்றால் மெல்லிசாக இருக்கிறது என்றும் அர்த்தம் ஆகலாம். ஒரு லிட்டரை ஒரு சதுர மீட்டரில், அதாவது பத்தே முக்கால் சதுர அடியில், பரப்பினால் ஒரு மில்லிமீட்டர் கனம் வரும். அதையே 60 சதுர அடிக்கு இழுத்தால் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதில் பாதி தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், காய்ந்தபின் மிஞ்சுவது நோட்டுப் புத்தகத் தாளின் கனம்! ஆகவே காய்ந்தபின் எத்தனை மைக்ரான் கனம் வேண்டும் என்று கம்பெனியின் விவரத் தாளில் பார்த்து, அந்தக் கனத்துக்கு எவ்வளவு பிடிக்கும் என்று கணக்கிட்டால்தான் இரண்டு டப்பாக்களை ஒப்பிட முடியும். சிமெண்டு கலந்த ரகம் கிலோவில் விற்கும். லிட்டரோடு நேராக ஒப்பிட்டு ஏமாறக் கூடாது.

டப்பாவில் அச்சிட்ட விலையில் வரி அடங்கிவிடும். ஆனால் காண்டிராக்டர் சொல்லும் தொகையில் அடங்கியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பூச்சுச் சாமான்களுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சிமெண்டுக்கு 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய விகிதத்தில் போட்ட எஸ்டிமேட்டை அப்படியே நீட்டுகிறவர்களும் இருக்கலாம் அல்லவா?

பிறகு உத்தரவாதம். பத்து வருஷம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதன் கீழே பொடி எழுத்து ஒன்று இருக்கும். திரும்பக் கொடுப்பது டப்பாவை மட்டுமா, கூலியையும் சேர்த்தா? அடியிலிருந்து ஏறும் ஈரத்துக்கு உத்தரவாதம் உண்டா, விலக்கா? பில் இல்லாமல் செல்லுமா? இந்த மூன்றையும் படித்துவிட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

சுண்ணாம்புச் சுவர்களுக்கு

மயிலாப்பூரிலும் காரைக்குடிப் பக்கத்திலும் இன்னும் நிற்கிற பழைய சுண்ணாம்புக் காரை வீடுகளுக்கு இந்த வைத்தியங்களில் பல ஒத்துக்கொள்ளாது. கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்துக் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துப் பூசிய சுவர், ஈரத்தை வாங்கும், வெளியேயும் விட்டுவிடும். அதன் மேல் சிமெண்டைப் பூசி, பிளாஸ்டிக் வர்ணத்தையும் அடித்தால் சுவருக்கு மூச்சு முட்டுகிறது. பாட்டன் காலத்தில் இல்லாத ஓதம் பேரன் காலத்தில் வருவதற்கு அநேகமாக இதுவே காரணம். அங்கே சிக்கனமான மருந்து, பழையபடி சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையடிப்பும்தான். இதற்குத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது மட்டும் அருமையாகிவிட்டது.

ஒன்பது அங்குலம், ஒன்பது மாதம்

மடிப்பாக்கத்துக்குத் திரும்புவோம். ஆசிரியருக்கு ஆகும் செலவு என்ன? முற்றத்து மண்ணை வெட்ட இரண்டு ஆள், ஒரு நாள். உள்ளே கறைக்கோட்டுக்கு மேல் ஓரடி சேர்த்து, நாலடி உயரத்துக்குப் பழைய பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். அது நாற்பது சதுர அடி. பிறகு புதுப் பூச்சு. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சேர்த்து நாளைக்கு ரூ. 2,000 என்று போட்டால், கொத்த ஒரு நாள், பூச ஒரு நாள். மண் வெட்டும் கூலியும் சேர்த்து ரூ. 6,000. சிமெண்டு அரை மூட்டைக்கும் குறைவு. கலக்கும் திரவம் 80 மில்லி. மணல், இடிபாடு அகற்றும் வண்டி, கடைசியில் வர்ணம் எல்லாம் கூட்டினாலும் பத்தாயிரத்தைச் சுற்றித்தான் நிற்கும். 38 ஆயிரம் எங்கே, இது எங்கே!

ஆனால் பணத்தால் வாங்க முடியாத ஒன்று இருக்கிறது. ஈரம் வரும் வழியை அடைத்த பிறகு, சுவர் அங்குலத்துக்கு ஒரு மாதம் வீதம் காயும் என்பது கட்டடக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். நல்ல வெயிலும் காற்றும் இருந்தால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். பதினைந்து நாளில் காய்ந்துவிடும் என்று சொல்லுகிறவர், சுவரைக் காய வைப்பதில்லை. ஈரத்தை மூடி வைக்கிறார். கார்த்திகையில் வேலையைத் தொடங்கினால் ஆடி வரை சுவர் தன் போக்கில் காய வேண்டும். அதுவரை செங்கல் தெரியும்படி விட்டுவிட்டு, வெளியே வரும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி முறத்தில் வாரி எறிய வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் உள்ளே போய்விடும். ஆடியில் மறுபடி அலுமினியத் தாளை ஒட்டிப் பார்த்து, அப்போதும் உள்முகம் நனைந்தால், ஊசி வைத்தியத்துக்கு மீதி ரூ. 15,000 கையில் இருக்கிறது.

தைப் பிரசவத்துக்கு அந்த அறை ஆகாது என்பது தீர்ந்த விஷயம். "மாசமான பெண்ணை மாடிப்படி ஏறச் சொல்வதா? கூடாது" என்று அம்மா தடுத்துவிடுவார். வேறு வழி? தங்கள் படுக்கையறையை மகளுக்கு விட்டுவிட்டு, கிழவரும் கிழவியும் கூடத்தில் பாய் விரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பேர் வைக்கிற அன்று சம்பந்தி வீட்டார் வருவார்கள். தெருப் பக்கத்து அறையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சம்பந்தி, வேலையைப் பாதியில் விட்டுவிட்டீர்களே?" என்று கேட்பார்கள்.

"பாதியில் விடவில்லை, சம்பந்தி. சுவர் காய்ந்துகொண்டிருக்கிறது. ஆடிக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, ஆசிரியர் காப்பி கொண்டு வர உள்ளே போவார்.